அச்சில் வராத ஓரம்

டுலூத், மின்னசோட்டா
1978 பிப்ரவரி 14, செவ்வாய் இரவு

அப்பாவுக்கு,

குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தொட்டியில் தண்ணீர் இல்லை. வெளிச்சம் நடைக்குப் போகாமல் இருக்கக் கதவின் கீழ் இடுக்கில் துண்டைத் திணித்திருக்கிறேன். முழங்காலின் மேல் தாளை வைத்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும்.

‘மூடுபனி’ சித்திரக்கதையின் அறுபத்தொன்றாம் இதழ் நேற்று ரஸ்கோ மருந்துக் கடைக்கு வந்தது. கம்பிச் சுழல்தட்டில் அடுக்குவதற்கு முன்பே மிஸஸ் ரஸ்கோ எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துவிடுவார். “உங்க அப்பா படம் போட்டதாச்சே கண்ணு, முதல் காப்பி உனக்குத்தான்” என்பார். இருமல் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றே படித்து முடித்தேன்.

கடைசிப் பக்கத்தில் மூடுபனி தான் வளர்த்த சிறுமி பொறியை யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். அவள் தூங்குகிறாள். அவன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான். அவனுடைய பேச்சுக் குமிழியில் இப்படி இருக்கிறது: “அவள் என் இரத்தம் இல்லை. என் வேலை முடிந்தது. இனி அவள் யாரோ, நான் யாரோ.” பிறகு பனியாகக் கலைந்து போய்விடுகிறான்.

மூன்று வருடத்துக்கு முன் பேருந்து நிலையத்தில் நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “எனக்குக் கடுதாசி எழுத வராது ஐலி. உனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் படத்துல போட்டுடறேன். பொறியைப் பாத்தா அது நீ. அவனைப் பாத்தா அது நான்.” அதனால்தான் பொறிக்கு என்னுடைய பல் இடுக்கும் என் புருவத்துத் தழும்பும் இருக்கின்றன.

அக்டோபரில் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். நியூயார்க்குக்கு வந்து உங்களோடு இருக்கலாமா என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. இப்போது இந்த இதழ் வந்திருக்கிறது. இதுதான் பதிலா? ஆம் என்றால் ஒரு அட்டையில் ஆம் என்று எழுதினால் போதும். நான் அழ மாட்டேன். கொஞ்ச நாளாக எனக்கு அழுகை வருவதில்லை, பசியும் சரியாக வருவதில்லை.

அப்போது காரணம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அம்மாவின் புதுக் கணவர் டேல் எங்கள் வீட்டுக் கதவுகளைக் கழற்றிவிட்டார். முதலில் என் அறைக் கதவை. பிறகு அம்மா தைக்கும் அறையின் கதவை. பிறகு அலமாரிக் கதவுகளை. “ஒரே குடும்பம்தானே, ஒளிச்சு வைக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றார். கதவுகள் எல்லாம் கார் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கின்றன. “நல்லாத்தான் இருக்கு, வீடு பெருசாத் தெரியுது” என்று அம்மா சொன்னாள். குளியலறைக்கு மட்டும் இன்னும் கதவு இருக்கிறது.

அம்மாவின் மணிக்கட்டில் மாவுக்கட்டு. வாசற்படியில் வழுக்கியதாகச் சொல்கிறாள். அந்தப் படியில் பனி உறையாமல் இருக்கத் தினமும் உப்புத் தூவுவது நான்தான். அது வழுக்காது.

டேலுக்கு அலாஸ்காவில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளி முடிந்ததும் ஜூன் பத்தாம் தேதி கிளம்புகிறோம். நாங்கள் இருக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் கடை எதுவும் இல்லையாம்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ரஸ்கோ மருந்துக் கடை முகவரிக்கு அனுப்புங்கள். மிஸஸ் ரஸ்கோ சம்மதித்துவிட்டார்.

ஐலி


குவீன்ஸ், நியூயார்க்
பிப்ரவரி 27

என் ஐலிக் குட்டிக்கு,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டும் குப்பைக் கூடையில். ஒன்றில் ஓர் எலிக்குத் தொப்பி போட்டு வரைந்திருந்தேன். அது கடிதம் ஆகாது என்று எனக்கே தெரிந்தது.

குட்டி, அந்த வார்த்தைகள் என்னுடையவை இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பேச்சை எழுதுகிறவன் ஹெர்ப் கேன்டர். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை போலிருக்கிறது. ஹெர்ப் போனில் கதை சொல்வான், அரை நிமிடம். “மூடுபனி அந்தப் பொண்ணை ஒரு வீட்டுல விட்டுட்டுப் போறான். நடுவுல ஒரு சண்டை. பதினேழு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.” அவ்வளவுதான். பதினேழு பக்கத்தையும் நான் பென்சிலில் வரைந்துவிடுவேன். வார்த்தை ஒன்றும் இருக்காது. யார் என்ன நினைக்கிறார்கள், எதற்காக அப்படி நிற்கிறார்கள் என்று பக்கத்தின் ஓரத்தில் ஹெர்புக்குக் குறிப்பு எழுதுவேன். அதைப் பார்த்து அவன் பேச்சு எழுத வேண்டும். பல நாள் பார்க்காமலே எழுதுவான். அதற்குப் பிறகு கோர்டி என்று ஒருவன் என் பென்சில் கோட்டின் மேல் மை போடுவான். அச்சுக்குப் போகும்போது ஓரத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

நீ இப்போது படித்ததை நான் வரைந்தது நவம்பரில். உன் அக்டோபர் கடிதத்தை என் வரைபலகை மேல் ஊசி குத்தி வைத்திருந்தேன். கடைசிப் படத்தை மறுபடி எடுத்துப் பார். மூடுபனியின் வலது கை ஜன்னல் கண்ணாடியின் மேல் இருக்கும். உனக்குத்தான் தெரியுமே, பனியாக இருக்கும்போது அவன் எந்தச் சுவரையும் கதவையும் தாண்டுவான், ஆனால் எதையும் தொட முடியாது. எதையாவது பிடிக்க வேண்டும் என்றால் மனிதனாக மாற வேண்டும். அப்போது அவனைச் சுடலாம், வெட்டலாம். நான் வரைந்த அந்தக் கை மனிதக் கை. அதுதான் உனக்கு நான் எழுதிய பதில்.

இங்கே ஒரே அறைதான். பலகை, கட்டில், அறையைச் சூடாக்க ஒரு ரேடியேட்டர். ராத்திரி முழுக்க யாரோ சுத்தியலால் அடிப்பது போல அது சத்தம் போடும். மேல் வீட்டுக்காரன் அதற்கு ஹெலன் என்று பெயர் வைத்திருக்கிறான், அவன் முதல் மனைவி பெயராம். நான் விடியும்வரை வரைகிறேன். டப்பா சூப்தான் சாப்பாடு. ஒரு பெண்பிள்ளை இருக்கிற இடமா என்று நீயே யோசி. நீதிபதி வேறு உன்னை அம்மாவிடம்தான் விட்டிருக்கிறார்.

டேல் உன்னை அடிக்கிறானா? இல்லை என்றால் இல்லை என்று எழுது.

அப்பா


டுலூத்
மார்ச் 14

அப்பாவுக்கு,

கடைசிப் படத்தைப் பார்த்தேன். கை இல்லை. கண்ணாடியின் மேல் புகை மாதிரி ஏதோ இருக்கிறது. மிஸஸ் ரஸ்கோ பூதக்கண்ணாடி தந்தார். அதிலும் புகைதான்.

இப்போது என்னிடம் அந்த இதழ் இல்லை. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை டேல் என் மெத்தையைத் திருப்பிப் போட்டார். ஐம்பத்திரண்டிலிருந்து அறுபத்தொன்று வரை பத்து இதழும் அங்கேதான் இருந்தன. அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து அடுக்கினார்.

“யாரு இந்தப் புகைக்காரன்?”

“மூடுபனி.”

“என்ன பண்ணுவான்?”

“ஆளுங்களைக் காப்பாத்துவான்.”

“அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?”

அம்மா சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“சரி, கடைசிப் புத்தகத்தைப் படி. சத்தமா. ஒவ்வொருத்தர் குரலும் போட்டுப் படி. நாங்களும் கேக்கறோம். என்ன சில்வியா?”

பதினேழு பக்கமும் படித்தேன். குண்டு வெடிக்கும் சத்தத்தைக்கூடப் படிக்கச் சொன்னார். என் வாயிலிருந்து வேறு யாரோ படிப்பது போல இருந்தது. உருளைக்கிழங்கு ஆறி ஏடு படிந்துவிட்டது. கடைசிக் குமிழி வந்ததும், “அதை இன்னொரு தரம் படி” என்றார். படித்தேன். “இன்னொரு தரம்.” மூன்றாவது தடவை முடிந்ததும் என் முதுகில் லேசாகத் தட்டினார். “பாரு, உங்கப்பன் நேர்மையான ஆளுதான். எழுதியே குடுத்துட்டான்” என்றார்.

ஏரிப் பனியில் துளை போட்டுப் பிடித்த மீன்களை மறுநாள் அந்தப் பத்து இதழ்களிலும் சுற்றி உறைபெட்டியில் வைத்தார். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பொட்டலம் பிரிப்போமாம். காகிதம் மீனின் தோலோடு ஒட்டியிருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை என் தட்டில் ஒரு துண்டில் பொறியின் காலணி தலைகீழாகப் பதிந்திருந்தது. சாப்பிட்டுவிட்டேன்.

டேல் என்னை அடிப்பதில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். என்னைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தீர்கள்.

ஐலி


குவீன்ஸ்
மார்ச் 22

ஐலிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹெர்பிடம் போனேன். அவன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

“இந்த வசனத்தை ஏன்டா எழுதினே?” என்று கேட்டேன்.

“எந்த வசனம்?”

“‘அவள் என் இரத்தம் இல்லை.’ ஓரத்துல நான் வேற எழுதியிருந்தேன்ல?”

“லென்னி, உன் ஓரத்தை நான் எப்பப் படிச்சிருக்கேன்? அதுல பாதி புரியாது, மீதி சோகம்.” பிறகு கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னான்: “நம்ம தொழில்ல அப்பா அம்மா எதுக்கு இருக்காங்க? மூணாம் பக்கத்துல சாகறதுக்கு. அப்பத்தான் நாலாம் பக்கத்துல ஹீரோ பொறப்பான். வளர்ப்பு அப்பன்னா கொஞ்சம் கூடுதலா இழுக்கலாம். ஆனா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயி சூப்பு வெச்சுக் குடுக்கறவனை எவன் காசு குடுத்து வாங்குவான்?”

கோர்டியையும் கேட்டேன். அவன் பாவம், கண்ணாடி மாற்ற வேண்டிய ஆள். “ஜன்னல்ல வெள்ளையா ஒண்ணு இருந்துச்சு. அவன்தான் பனியாச்சேன்னு புகை போட்டுட்டேன்” என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினைந்து வருடமாக எங்கள் எல்லோருக்கும் கை பழகிவிட்டது. ஹீரோ என்றால் தனியாகப் போவான், அவன் போகிற இடத்தில் புகை இருக்கும். யோசிக்காமலே அது வந்துவிடுகிறது. எனக்கும்தான்.

சென்ற வருடத்திலிருந்து அசல் பக்கங்களை எங்களிடமே திருப்பித் தருகிறார்கள். பதினேழாம் பக்கத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பியிருக்கிறேன். மையின் அடியில் கை போய்விட்டது. ஓரத்தில் என் பென்சில் எழுத்து மட்டும் இருக்கிறது. அதை யாரும் வெட்டவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீ கடையில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல். அறுபத்தாறாம் இதழில் பொறியைச் சாகடிக்கப் போகிறார்கள். விற்பனை விழுந்துவிட்டதாம். மே மாதம் இரண்டாம் வாரத்துக்குள் வரைந்து தர வேண்டும். முடியாது என்று சொன்னால் வேறு ஆளிடம் போய்விடும், இந்த அறையும் போய்விடும். வரைந்தால் என் கையாலேயே அவளை வரைய வேண்டும். நான் என்ன செய்யட்டும்? உனக்கு எது சரி என்று தோன்றுகிறது?

உன் அம்மாவின் கை எப்படி இருக்கிறது? இதை முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அப்பா


டுலூத்
ஏப்ரல் 4

அப்பாவுக்கு,

பக்கம் வந்தது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பலகை தளர்ந்திருக்கிறது. அதன் பின்னால் வைத்திருக்கிறேன். ஓரத்தில் நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

மூன்றாம் படத்துக்குப் பக்கத்தில்: “ஹெர்ப், இங்கே அவனுக்குக் கோபம் இல்லை. வெட்கம். இரண்டு கோடைக்கு வருகிறேன் என்று சொல்லி இரண்டு தடவையும் போகாதவனின் வெட்கம்.”

மூடுபனி எந்தக் கோடைக்கும் வருவதாகச் சொல்லவில்லை. எல்லா இதழும் படித்தவள் நான். சொன்னது நீங்கள்.

கடைசிப் படத்துக்குக் கீழே: “கை கெட்டியாகத் தெரிய வேண்டும். அவனுக்குக் குளிர்கிறது. அவள் கண் திறந்தால் உள்ளே போய்விடுவான். தூங்குகிறாள் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு நிற்கிறான்.”

ஹெர்புக்கு இவ்வளவு எழுதுகிறீர்கள். அவர் படிப்பதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறீர்கள். எனக்கு எழுதும்போது ரேடியேட்டரைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் படிக்கிறேன். ஹெர்புக்கு எழுதுவது போல எனக்கு ஒரு தடவை எழுதுங்கள்.

பொறியை என்ன செய்வது என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அவள் பாவம்தான். ஆனால் அவளுக்குக் கதவு இருக்கிறதா என்று நான் யோசிப்பதில்லை. அவளை வரைவதும் வரையாமல் இருப்பதும் உங்கள் வேலை. நான் கேட்டது வேறு. அங்கே வரலாமா என்று கேட்டேன். அக்டோபரில் ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை. இது மூன்றாவது தடவை. நாலாவது தடவை கேட்க மாட்டேன்.

அம்மாவின் மாவுக்கட்டை எடுத்துவிட்டார்கள். கை கொஞ்சம் வளைந்து சேர்ந்திருக்கிறது. இடது கையால் தேநீர் ஊற்றுகிறாள்.

நேற்று டேல் குளியலறைக் கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். “கீலு துருப்பிடிச்சிருக்கு. மீன் சீசன் முடியட்டும், இதையும் கழட்டிடலாம்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னார். ஏப்ரல் கடைசியில் அது முடிந்துவிடும். பிறகு எழுத எனக்கு இடம் இல்லை.

பயமாக இருக்கிறது என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அது வேறு யாருடைய வார்த்தை மாதிரி இருக்கிறது. ஆனால் மாடிப்படியில் காலடி கேட்டால் எத்தனையாவது படி என்று எனக்குத் தெரியும். இப்போது யாரும் ஏறவில்லை.

ஐலி


குவீன்ஸ்
ஏப்ரல் 14

ஐலி,

ஹெர்புக்கு எழுதுவது போல எழுதுகிறேன்.

படம் 1. வியாழக்கிழமை. போன் அடிக்கிறது. சில்வியா. ரஸ்கோ கடையிலிருந்து பேசுகிறாள். தொட்டிக்குப் பின்னால் இருந்த பக்கத்தை அவள் பார்த்துவிட்டாள். ஓரத்தையும் படித்துவிட்டாள். டேலிடம் சொல்லவில்லை. முதலில் சொன்னது: “உன் கையெழுத்து இன்னும் மாறலை லென்னி.” அடுத்தது: “வர்றியா, மாட்டியா?” குறிப்பு: அவன் ரிசீவரை வைத்துக்கொண்டு நிற்கிறான். ஜன்னலில் நிற்பது போலவே நிற்கிறான். தன்னைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருக்கிறது.

படம் 2. “வர்றேன்” என்கிறான். சின்னக் குமிழி. வேறு வார்த்தை வேண்டாம்.

படம் 3. ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை ராத்திரி. வெள்ளி மீன்கள் ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறும் வாரம். ஊர் ஆண்கள் எல்லாம் வலையோடும் பீரோடும் ஆற்று முகத்துவாரத்தில் நிற்பார்கள். டேலும் போவான், விடியும்வரை வர மாட்டான் என்கிறாள் சில்வியா. எட்டரை மணிக்கு உன்னைக் காரில் கூட்டி வருவாள். நீ எதையும் மூட்டை கட்டாதே. முகத்தை எப்போதும் போல வைத்துக்கொள்.

படம் 4. பேருந்து நிலையம், டுலூத். பெஞ்சில் ஒரு ஆள். பழுப்புக் கோட்டு, சட்டைக் கையில் பென்சில் கரி. குறிப்பு: இவனை அழகாகக் காட்ட வேண்டாம். தலைமுடி குறைந்துவிட்டது. மதியமே வந்துவிட்டான். எழுந்து போய்விடுவோமோ என்று பயந்து திரும்பிப் போகும் பயணச்சீட்டை அங்கே இருக்கிற துப்புரவுக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறான்.

படம் 5. உன் அம்மா கையெழுத்துப் போட்ட தாள். பெண் அப்பாவோடு இருக்கச் சம்மதம் என்று. அவளும் வரலாம் என்று நான் சொன்னேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

படம் 6. காலி. இதை நான் வரைய முடியாது. நீ நடந்து வந்தால்தான் இது நிரம்பும்.

இந்தத் தடவையும் அவன் வராமல் போனால் இந்தத் தாளை மிஸஸ் ரஸ்கோவிடம் கொடு. கடைக் கண்ணாடியில் ஒட்டட்டும், ஊரே படிக்கட்டும். வந்துவிட்டால் கிழித்துப் போடு.

வரலாம். நீ மூன்று தடவை கேட்டதற்குப் பதில் இது. வரலாம்.

அப்பா


குவீன்ஸ்
மே 9, செவ்வாய் இரவு

அப்பாவுக்கு,

நீங்கள் தூங்குகிறீர்கள். நான் குளியல் தொட்டிக்குள் இருக்கிறேன். இங்கே யாரும் என்னைத் தடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வேறு இடத்தில் எழுத வரவில்லை. துண்டையும் கதவுக்கு அடியில் வைத்துவிட்டேன். நீங்கள் நடுவில் எழுந்தால் கால் தடுக்காமல் பார்த்து வாருங்கள்.

பதினேழு நாளாக ஒரே அறையில் இருக்கிறோம். பேச ஆரம்பித்தால் இருவருமே ரேடியேட்டர் ஹெலனைப் பற்றிப் பேசுகிறோம். அதனால் இதை உங்கள் பலகை மேல் வைக்கப் போகிறேன்.

காரில் நடந்ததை நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா ஹெட்லைட் போடாமல் தெருமுனை வரை ஓட்டினாள்.

“நீயும் வாம்மா.”

“பூட்ஸ் நாடா அவுந்திருக்கு பாரு.”

“அம்மா.”

“காலைல அவர் வரும்போது வீட்டுல யாராவது இருக்கணும் ஐலி. யாருமே இல்லேன்னா தேடிக்கிட்டு வருவார். நான் இருந்தா கத்துவார், அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“நாடாவைக் கட்டு.”

கட்டினேன். நிலையத்தின் முன்னால் அவள் இன்ஜினை நிறுத்தவில்லை. வளைந்த கையால் என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். “அவன் இருக்கானான்னு பாத்துட்டு கையைக் காட்டு. இல்லேன்னா திரும்பி ஓடியா” என்றாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பெஞ்சைப் பார்த்தேன். நீங்கள் இருந்தீர்கள். துப்புரவுக்காரரும் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றார். நான் திரும்பிக் கையைக் காட்டினேன். கார் அதற்காகத்தான் நின்றிருந்தது. உடனே போய்விட்டது.

நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. மூட்டை கட்ட வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள்தான், இருந்தாலும் என் கையில் பை இருக்கிறதா என்று தேடினீர்கள். பிடிக்க எதுவும் இல்லாததால் என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். சிகாகோ வரை விடவில்லை. உங்களுக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா வியாழக்கிழமைதோறும் ரஸ்கோ கடையிலிருந்து கூப்பிடுவதாகச் சொன்னாள். முதல் வியாழக்கிழமை கூப்பிட்டாள். “கதவெல்லாம் திருப்பி மாட்டறார்” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. போன வியாழக்கிழமை கூப்பிடவில்லை. நீங்கள் அன்று சூப்பைக் கிளறிக்கொண்டே போனைப் பார்த்ததை நான் பார்த்தேன். நாளை மறுநாள் வியாழக்கிழமை. கூப்பிடாவிட்டால் மிஸஸ் ரஸ்கோவின் எண்ணை நாம் கூப்பிட வேண்டும். நாம் என்றால் நீங்கள். ஜன்னலில் நிற்கக் கூடாது.

எனக்காக நீங்கள் கொண்டுவந்த கதவுக்கு நன்றி சொல்லவே இல்லை. இடித்த கட்டடத்திலிருந்து ஒன்பது தெரு தூரம் முதுகில் சுமந்து வந்தீர்கள் என்று மேல் வீட்டுக்காரர் சொன்னார். “உங்கப்பன் சிலுவை தூக்கிட்டு வர்ற மாதிரி வந்தான். மாட்டறதுக்குச் சுவரு எங்கடான்னு கேட்டேன், முழிக்கறான்” என்றார். உண்மைதான், இந்த அறையில் அதை மாட்ட இடம் இல்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் பின்னால் சுவர் மட்டும்தான். பச்சைப் பெயிண்ட், எண் 4C. ராத்திரி அதன் பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்குகிறேன். இரண்டு தடவை திருகுவேன். எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை, சந்தோஷமோ அழுகையோ. வந்தால் சொல்கிறேன்.

அறுபத்தாறாம் இதழை வேறு ஆளிடம் விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். விடவில்லை. இப்போது இரண்டு பேர் சாப்பிட வேண்டியிருக்கிறது. எனக்குப் புரிகிறது. பக்கங்களை மெத்தைக்கு அடியில் மறைத்திருக்க வேண்டாம். அங்கே பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது.

பதினேழாம் பக்கம் நன்றாக இருக்கிறது. மூடுபனி மனிதனாக முழங்காலிட்டு அவளைத் தூக்கி வைத்திருக்கிறான். பல் இடுக்கு தெரிகிறது. ஓரத்தில் நீங்கள் எழுதியதையும் படித்தேன். “ஹெர்ப், இங்கே குமிழியே வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அவன் பேசாமல் இருக்கட்டும்.” அவர் படிக்க மாட்டார். கெஞ்ச வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள். கடலை வாங்கிக்கொண்டு போங்கள்.

அந்தப் பக்கத்தில் நான் ஒன்றை மாற்றிவிட்டேன். பொறியின் கை கீழே தொங்குகிற மாதிரி வரைந்திருந்தீர்கள். அதை ரப்பரால் அழித்துவிட்டேன். அவள் விரல்கள் அவன் கோட்டின் கையைப் பிடித்திருக்கிற மாதிரி வரைந்தேன். கட்டைவிரல் சரியாக வரவில்லை, முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறது. அதை மட்டும் நீங்கள் திருத்துங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். செத்தவள் எப்படிப் பிடிப்பாள் என்று ஹெர்ப் கேட்டால், விரல் விறைத்துவிட்டது என்று சொல்லுங்கள். கடையில் வாங்கிப் படிக்கிறவர்கள் அவர்களுக்குத் தெரிந்ததைப் புரிந்துகொள்வார்கள்.

அச்சில் விழாத நீலப் பென்சில் ஒன்று உங்கள் டப்பாவில் இருந்தது. அதனால் ஓரத்தில் நானும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். வெட்டிவிடுவார்கள் என்று தெரியும். வெட்டுவதற்கு முன்னால் ஒருவராவது படிக்க வேண்டும். உங்கள் கையெழுத்து மாதிரியே எழுதப் பார்த்தேன்:

“கோர்டி, உங்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அப்பா சொன்னார். அதனால் பெரிதாக எழுதுகிறேன். அவன் கோட்டின் மேல் இருப்பது அவள் கை. புகை போட வேண்டாம்.”

ஐலி